முதலில் கேலி, பிறகு வழக்கு, கடைசியில் விருது: பித்தப்பை ஆபரேஷனை மாற்றிய எரிக் மூஹேவின் கதை

1985-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானியல் ஆய்வகத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடன் பெரிய தொலைநோக்கி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரில் அது இன்றும் அங்கே நிற்கிறது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில், இன்னொரு தொலைநோக்கி வேலைக்கு வந்திருந்தது. விரல் தடிமன் உள்ள குழாய். அது பார்த்தது வானத்தை இல்லை, மனிதனின் வயிற்றுக்குள். லேப்ராஸ்கோபி செய்யும் டாக்டர்கள் அந்தக் கருவியை இன்றைக்கும் டெலஸ்கோப் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் குழாயைக் கொண்டு உலகிலேயே முதன்முறையாகப் பித்தப்பையை அகற்றியவர் எரிக் மூஹே. இன்று பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டாம் நாளே வீடு திரும்பும் ஒவ்வொருவரும் ஒருவகையில் இவருக்குக் கடன்பட்டவர்கள்தான். ஆனால், இதைச் செய்ததற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

பித்தப்பையில் என்னதான் பிரச்சினை?

கல்லீரலுக்கு அடியில், பேரிக்காய் வடிவத்தில் தொங்கும் சின்னப் பைதான் பித்தப்பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைத்து, நாம் கொழுப்பான உணவு சாப்பிடும்போது குடலுக்குள் அனுப்புவது இதன் வேலை. பித்தநீரில் உள்ள கொழுப்பும் நிறமிகளும் படிந்து இறுகும்போது கல் உருவாகிறது.

பலருக்கு இந்தக் கல் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராது. சிலருக்குத்தான் சிக்கல். பிரியாணியோ பஜ்ஜியோ சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிக்கும். முதுகு, வலது தோள்பட்டை வரை போகும். நம்ம ஊரில் இதை கேஸ் என்று நினைத்து, சோடாவோ மாத்திரையோ சாப்பிட்டுத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

கல் போய்ப் பையின் வாயை அடைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. பை வீங்கும். சீழ் பிடிக்கும். ரத்த ஓட்டம் நின்று அழுகவும் ஓட்டை விழவும் வாய்ப்புண்டு. கல் நழுவிப் பித்தக் குழாய்க்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் என்று ஆபத்து கூடும். இதைத்தான் சிக்கலான பித்தப்பை நோய் என்கிறார்கள்.

மூஹேவுக்கு முன்னால்: 103 ஆண்டுகள் பெரிய வெட்டு

இதற்கு முதலில் நிரந்தரத் தீர்வு கண்டவரும் ஒரு ஜெர்மானியர்தான். 1882 ஜூலை 15 அன்று, பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்பூஹ் என்ற டாக்டர், 43 வயது நோயாளி ஒருவரின் பித்தப்பையை முழுவதுமாக அகற்றினார். அதுவரை பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துவந்தார்கள். பை அங்கேயே இருந்ததால் கல் திரும்பவும் வந்தது. கல் உருவாகும் இடத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது லாங்கன்பூஹின் வாதம்.

அந்த வாதம் சரி என்று காலம் நிரூபித்தது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க அந்த முறைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. உள்ளே இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பை. அதை எடுக்க வலது விலாவுக்குக் கீழே தசையை அறுத்து நீளமாக ஒரு வெட்டு. மருத்துவமனையில் ஒரு வாரம். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு வாரம். நோயாளியை அதிகம் வாட்டியது பித்தப்பையை எடுத்தது இல்லை. அதை எடுப்பதற்காகப் போட்ட வெட்டு.

எரிக் மூஹே பிடித்துக்கொண்ட புள்ளி இதுதான்.

யார் இந்த மூஹே?

1938-ல் பிறந்தவர். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை நிபுணராக உருவானவர். 1982-ல் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் உள்ள போப்லிங்கன் என்ற ஊரின் மாவட்ட மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவரானார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய மருத்துவக் கல்லூரியிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போன மாதிரி.

அவரைச் சீண்டியது வேறொரு துறையில் நடந்த விஷயம். 1980-ல் கீல் நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் குர்ட் செம், லேப்ராஸ்கோப் வழியாகக் குடல்வாலை அகற்றினார். மகப்பேறு மருத்துவர்கள் கருக்குழாய், சினைப்பை போன்றவற்றைப் பார்க்க இந்தக் கருவியை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் குடல்வால் என்பது பொது அறுவை சிகிச்சை நிபுணர்களின் ஏரியா. ஒரு மகப்பேறு மருத்துவர் அதில் கை வைத்ததை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. செம் மருத்துவம் பார்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அவருடைய மூளையை ஸ்கேன் செய்துபார்க்க வேண்டும் என்றுகூடச் சக டாக்டர்கள் சொன்னார்கள்.

மற்றவர்கள் சிரித்த இடத்தில் மூஹே ஒரு வழியைப் பார்த்தார். குடல்வாலை எடுக்க முடிந்தால் பித்தப்பையை ஏன் எடுக்க முடியாது? 1984-ல் அதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். பெயர் கேலோஸ்கோப். பார்ப்பதற்கான லென்ஸ், வெளிச்சம், வயிற்றுக்குள் வாயு செலுத்தும் வழி, கருவிகளை நுழைக்கும் வழி என எல்லாமே ஒரே குழாயில்.

1985 செப்டம்பர் 12: அன்று என்ன நடந்தது?

அன்று போப்லிங்கனில் நோயாளியின் தொப்புள் வழியாக அந்தக் குழாய் உள்ளே போனது. வயிற்றில் வாயுவை நிரப்பி, உறுப்புகளுக்கு நடுவே இடம் உண்டாக்கினார்கள். தனியாகப் போட்ட சிறு துளைகள் வழியாகக் கருவிகளை நுழைத்து, பித்தப்பைக்குப் போகும் குழாயையும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு அடைத்தார் மூஹே. பிறகு பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து வெளியே எடுத்தார். மொத்தம் சுமார் இரண்டு மணி நேரம்.

இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் பெரிய திரையில் எல்லோரும் பார்ப்பது போன்ற வசதி அப்போது இல்லை. டாக்டர் கண்ணைக் குழாயின் முனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவர் பார்ப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சில ஆபரேஷன்களுக்குப் பிறகு மூஹே தன் முறையையே மாற்றிக்கொண்டார். வாயுவை நிரப்பும் வேலையைக் கைவிட்டு, விலாவுக்குக் கீழே பித்தப்பைக்கு நேராகச் சிறிய வெட்டுப் போட்டு, அதில் வெளிச்சம் பொருத்திய திறந்த குழாயை இறக்கினார். வாயு இல்லாததால் அதனால் வரும் சிக்கல்களும் இல்லை. 1987 மார்ச்சுக்குள் கிட்டத்தட்ட நூறு நோயாளிகளுக்கு இப்படிப் பித்தப்பையை அகற்றியிருந்தார்.

ஏன் யாரும் ஏற்கவில்லை?

1986 ஏப்ரலில் ஜெர்மன் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் மாநாட்டில் மூஹே தன் அனுபவத்தைச் சொன்னார். கைதட்டல் வரவில்லை. கேலிதான் வந்தது. பெரிய சர்ஜன் என்றால் பெரிய வெட்டு என்று பழகிய தலைமுறை அது. நன்றாகத் திறந்து, கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் செய்வதே பாதுகாப்பு என்று படித்து வந்தவர்கள். அவர்களுக்குத் துளை வழியாகச் செய்வது விளையாட்டுத்தனமாகத் தெரிந்தது.

அவர்களுடைய பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பித்தப்பைக்குப் போகும் குழாய்க்குப் பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியப் பித்தக் குழாய் இருக்கிறது. ஒன்றை இன்னொன்று என்று நினைத்து வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே மாறிப்போகும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, மாநாடு அவரைக் கடந்துபோய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. மூஹேவின் அறிக்கை ஜெர்மன் மொழியில், ஒரு ஜெர்மன் இதழில் சுருக்கமாக வந்தது. ஜெர்மனிக்கு வெளியே அது பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை.

வழக்கு

இந்தச் சூழலில்தான் அந்த அடி விழுந்தது. மூஹே ஆபரேஷன் செய்த நோயாளி ஒருவர் அதன் பிறகு ஏற்பட்ட சிக்கலால் இறந்துபோனார். பழைய முறையில் செய்யும்போதும் இப்படி மரணங்கள் நேர்வது உண்டு. ஆனால் யாரும் ஏற்காத புது முறையில் நேர்ந்த மரணம் என்பதால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. உயிரிழப்புக்குக் காரணமானவர் என்ற குற்றச்சாட்டை மூஹே சுமக்க வேண்டியதாயிற்று. 1990-ல்தான் அதிலிருந்து விடுபட்டார்.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது தெரியுமா? அவர் வழக்கோடு போராடிக்கொண்டிருந்த இடைவெளியில் உலகமே அவருடைய முறைக்கு மாறியிருந்தது.

உலகம் கண்டுகொண்டது, அவரைத் தவிர

1987 மார்ச்சில் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை அகற்றினார். மூஹே ஏற்கெனவே செய்திருந்தது அவருக்குத் தெரியாது. பாரிஸில் டுபுவா, போர்டோவில் பெரிஸா, அமெரிக்காவில் சில டாக்டர்கள் என்று 1988-லிருந்து இது காட்டுத்தீயாகப் பரவியது. குழாயின் முனையில் வீடியோ கேமரா பொருத்தும் வசதி வந்தது பெரிய திருப்பம். தியேட்டரில் இருக்கும் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்க, உதவியாளரும் கூடவே வேலை செய்ய முடிந்தது.

1990-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த மாநாட்டில் இந்த முறையின் முன்னோடிகள் என்று சிலரைக் கௌரவித்தார்கள். அந்தப் பட்டியலில் மூஹே பெயர் இல்லை.

அதே 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோபி பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். பணக்கார நாடுகளுக்கான சொகுசு என்று பலரும் நினைத்த ஒரு சிகிச்சையை, ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் அவர் தொடங்கியது முக்கியம். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் யாருக்கு அதிகம்? தினக்கூலிக்காரருக்குத்தானே.

1992-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, தொந்தரவு தரும் பித்தப்பைக் கல் உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது பாதுகாப்பான, பலன் தரும் சிகிச்சை என்று சொன்னது. ஏழே ஆண்டில் கேலிப்பொருள் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

சிக்கலான பித்தப்பைக்கும் துளை போதுமா?

இங்கேதான் கதையின் அடுத்த பாதி. ஆரம்பத்தில் பித்தப்பை வீங்கி, சீழ் பிடித்திருந்தால் லேப்ராஸ்கோபி கூடாது என்பதே பொதுவான கருத்து. வீக்கத்தால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எது எந்தக் குழாய் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, ஓரிரு நாள் பயிற்சியோடு பலர் இதைச் செய்ய ஆரம்பித்ததால், 90-களின் தொடக்கத்தில் பித்தக் குழாய் வெட்டுப்படும் விபத்துகள் பழைய முறையைவிட அதிகமாயின. மூஹேவைக் கேலி செய்தவர்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி திரும்பி வந்து நின்றது.

பதிலாகச் சில ஒழுங்குகள் உருவாயின. 1995-ல் அமெரிக்க டாக்டர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு விதியை முன்வைத்தார். பித்தப்பையை நோக்கி இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்பதைச் சுற்றிலும் சுத்தம் செய்து, கண்ணால் உறுதிப்படுத்தும் வரை எதையும் வெட்டக் கூடாது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் பாதுகாப்பு விதி இது.

உறுதிப்படுத்த முடியவில்லை என்றால்? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆபத்தான பகுதியைத் தொடாமல் பையின் பெரும்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது. கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்குத் துளை வழியாகவே இப்படிச் செய்த அனுபவத்தை, கோவையைச் சேர்ந்த டாக்டர் சி.பழனிவேலு குழுவினர் 2006-ல் சர்வதேச மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

இரண்டாவது வழி, பழையபடி வயிற்றைத் திறந்துவிடுவது. இதை லேப்ராஸ்கோபி ஃபெயில் ஆகிவிட்டது என்று உறவினர்கள் நினைத்துக் கோபப்படுவதுண்டு. உண்மையில் அது நோயாளியைக் காப்பாற்றும் முடிவு. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே, தேவைப்பட்டால் ஓபன் சர்ஜரிக்கு மாறுவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் திடீர் வீக்கம் வந்தால் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இப்போது உடல்நிலை தாங்கும் என்றால், வலி தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்பதே வழிகாட்டுதல். தள்ளிப்போடப் போட ஒட்டுதல் கூடும். துளை வழியாக முடிய வேண்டியது பெரிய வெட்டில் போய் நிற்கும்.

ஜவ்வாது மலைக்கு இது ஏன் முக்கியம்?

மூஹே ஜவ்வாது மலைக்கு வந்தவர் இல்லை. ஆனால் அவர் செய்ததன் மதிப்பு இங்கே இருந்து பார்த்தால்தான் நன்றாகப் புரியும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் இந்த மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சாமை விளைச்சல், புளி, தேன், மலைக்குக் கீழே கூலி வேலை. எல்லாமே உடம்பை நம்பிய பிழைப்பு. ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் சில குக்கிராமங்களுக்குச் சரியான சாலை கிடையாது. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் செய்திகளை இன்னும் படிக்கிறோம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஸ்கேன் எடுப்பதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வலியைப் பொறுத்துக்கொள்வது நடக்கும். சாதாரணக் கல்லாக இருந்தது, கீழே வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ வந்து சேரும்போது சீழ் பிடித்த பித்தப்பையாகியிருக்கும். அதாவது, துளை ஆபரேஷன் யாருக்கு மிக அதிகமாகப் பயன்படுமோ, அவர்களே அதற்குள் அடங்காத கட்டத்தில் வருகிறார்கள்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். லேப்ராஸ்கோபியில் சிக்கல் இல்லாமல் முடிந்தால் ஒன்றிரண்டு நாளில் வீடு. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலான வேலைகள். பெரிய வெட்டு என்றால் ஆறு வாரம் வரை மூட்டை தூக்க முடியாது, ஏர் பிடிக்க முடியாது. ஆபீஸில் வேலை செய்பவருக்கு அது மெடிக்கல் லீவ். மலையில் இருப்பவருக்கு ஒரு பருவத்து அறுவடை.

கருவிகள் குறைவான இடங்களில் என்ன செய்வது என்பதற்கும் மூஹேவிடம் ஒரு தடயம் இருக்கிறது. வாயு நிரப்பி ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் முழு மயக்க மருந்து, சுவாசக் கருவி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் இவை எப்போதும் கிடைப்பதில்லை. வடகிழக்கு மாநிலங்களில் உள்ள கிராமப்புற சர்ஜன்கள் சிலர், வயிற்றுச் சுவரை ஒரு வளையக் கம்பியால் மேலே தூக்கிப் பிடித்து, முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசியோடு, வாயு இல்லாமலே லேப்ராஸ்கோபி செய்கிறார்கள். கருவி வேறு, முறை வேறு. ஆனால் வாயு இல்லாமலும் முடியும் என்று போப்லிங்கனில் ஒருவர் 80-களிலேயே செய்து காட்டியிருந்தார்.

தாமதமாக வந்த மரியாதை

1992-ல், எந்தச் சங்கம் அவரைப் புறக்கணித்ததோ அதே ஜெர்மன் அறுவை சிகிச்சைச் சங்கம் தன்னுடைய மிக உயரிய விருதை மூஹேவுக்கு வழங்கியது. 1999 மார்ச்சில் அமெரிக்க லேப்ராஸ்கோபி சர்ஜன்களின் சங்கம் அவரை டெக்சாஸின் சான் அன்டோனியோ நகருக்கு அழைத்தது. அட்லாண்டாவில் விடுபட்ட பெயர், ஒன்பது ஆண்டுகள் கழித்து மேடையேறியது. தன்னுடைய முதல் ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதைத்தான் அவர் அங்கே உரையாக நிகழ்த்தினார். 2005-ல் காலமானார்.

அவருடைய குழாய் இன்று அருங்காட்சியகப் பொருள். அதற்கு அப்புறம் கேமரா வந்தது, திரை வந்தது, ரோபோவும் வந்துவிட்டது. மாறாதது அவர் கேட்ட கேள்வி: உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பைக்காக நோயாளி எத்தனை நாளை இழக்க வேண்டும்?

அந்த நாட்களைக் குறைக்கும் வேலையில் டாக்டருக்குப் பாதிதான் பங்கு. மீதி நம்மிடம் இருக்கிறது. சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி வந்தால், கேஸ் என்று விடாமல் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, மணிக்கணக்கில் விடாத வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலைக் கிராமத்தில் யாராவது இப்படி வலியைச் சொன்னால், சீக்கிரம் கீழே அழைத்து வருவதுதான் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. எவ்வளவு சீக்கிரம் வருகிறாரோ, வெட்டும் அவ்வளவு சின்னதாக இருக்க வாய்ப்பு அதிகம்.